டுகேசியா இண்டிகா

டுகேசியா இண்டிகா என்பது இந்தியாவில் காணப்படும் ஒரு நன்னீர்த் தட்டைப்புழு ஆகும். ஒட்டுண்ணியாக இல்லாமல் தனித்து வாழும் இச்சிற்றினத்தை சப்பானிய விலங்கியலாளர் மசாகாரு கவகட்சு 1969-ஆம் ஆண்டில் விவரித்தார்.

உடலமைப்பு

டுகேசியாப் பேரினப் புழுக்களின் தலை முக்கோண வடிவமானது. அதில் இரு கண்களும், வேதிப்பொருட்களை உணரும் இரு பக்க மடல்களும் உள்ளன. இவற்றுக்கு உடற்குழியோ இரத்தக் குழாய்களோ மூச்சு உறுப்புகளோ இல்லை. உடல் மெல்லிய தட்டையாக இருப்பதால், ஆக்சிசன் தோல் வழியே உள்ளே பரவுகிறது.

வாய் தலையில் இல்லை. உடலின் அடிப்புறத்தில் நடுப்பகுதியை ஒட்டி உள்ளது. தசையாலான தொண்டை அதன் வழியே வெளியே நீண்டு இரையை உறிஞ்சும். குதம் கிடையாது, செரிக்காத உணவும் வாய் வழியே வெளியேறும்.

வகைப்பாடு

தொகுதி: தட்டைப்புழுக்கள்
வரிசை: திரைகிளாடிடா
குடும்பம்: டுகேசியிடே
பேரினம்: டுகேசியா

குடல் முன்புறம் ஒன்றும் பின்புறம் இரண்டுமாக மூன்று கிளைகளாகப் பிரிவதால் வரிசைக்கு இப்பெயர் ஏற்பட்டது. காஞ்சிபுரம் சேலைக்கு இழை தரும் பட்டுப்புழுவுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை உண்டு. பட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி.

இனங்காணல்

டுகேசியாச் சிற்றினங்கள் பல, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எனவே முதிர்ந்த புழுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை நுண்ணோக்கியில் ஒப்பிட்டே சிற்றினத்தை உறுதி செய்கின்றனர். இப்பேரினத்தின் சில புழுக்கள் உடல் இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. அவற்றில் இவ்வுறுப்புகள் வளராமல் போகலாம், அந்நிலையில் டி.என்.ஏ. ஒப்பீடு உதவுகிறது. ஆகவே, குளத்தில் பிடித்த ஒரு புழுவின் தலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்துச் சிற்றினப் பெயர் சூட்ட இயலாது.