விழப்போகும் ரொக்கெட் தெரிகிறது. விழும் இடம் ஏன் தெரிவதில்லை?

2021 மே 9 ஞாயிறு காலை, சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட்டின் பிரதான பகுதி மாலைதீவுக்கு மேற்கே இந்து சமுத்திரத்தில் விழுந்தது. சுமார் 30 மீற்றர் நீளமும் 20 தொன்னுக்கும் மேற்பட்ட எடையும் கொண்டது அது. பல நாட்களாக உலகமே அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விழும் இடத்தை எவராலும் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை.

எரிபொருள் தீர்ந்த ரொக்கெட் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்காது. தரையிலுள்ள ராடர்களும் தொலைநோக்கிகளுமே அதைத் தேடிப் பிடிக்கின்றன. அந்த அளவீடுகளிலிருந்து அதன் உயரம், பாதையின் சாய்வு, ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் ஆகியவை கணிக்கப்படுகின்றன.

உயரத்தில் இருக்கும்வரை கணிப்பு பெரிதாகப் பிசகாது. 2009இல் ஏவப்பட்ட ஜப்பானிய ரொக்கெட்டின் மேற்பகுதி ஒன்று சுமார் 600 கிலோமீற்றர் உயரத்தில் இன்னும் சுற்றுகிறது. தரைக் கணிப்புகளைக் கொண்டு புறப்பட்ட ஏட்ராஸ்-ஜே விண்கலம், தன் கமராக்களின் துணையோடு 2024இல் அதை 15 மீற்றர் வரை நெருங்கியது.

கீழே இறங்க இறங்கக் காற்றின் உராய்வு கூடுகிறது. சூரியன் உக்கிரமாக இருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கு விரிந்து அடர்த்தியாகும். உருண்டு புரளும் ரொக்கெட் நீளவாக்கில் காற்றைக் கிழிக்கிறதா, குறுக்காக மோதுகிறதா என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். இதனால் ஒரு நாள் முன்னர்கூடக் கணிப்பில் பல மணிநேர வித்தியாசம் இருக்கும். ரொக்கெட்டோ 90 நிமிடங்களுக்குள் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர். ஒரு நிமிடக் கணக்குப் பிசகினால், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான தூரத்தைவிட அதிகமாக இடம் மாறிவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எல்லையை மட்டுமே. 2021இல் அது நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 41 பாகை வரை. இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

பல நாடுகள் மிச்ச எரிபொருளைக் கொண்டு ரொக்கெட்டை ஆளில்லாக் கடலில் விழுத்துகின்றன. இந்த ரொக்கெட்டின் இயந்திரத்தை மீண்டும் இயக்க வழியிருக்கவில்லை.

விழுந்து சேதம் ஏற்பட்டால், 1972ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின்படி ஏவிய நாடே பொறுப்பு. 1978இல் சோவியத்தின் கொஸ்மோஸ் 954 செய்மதி கனடாவில் விழுந்தது. கதிரியக்கச் சிதைவுகளைத் தேடி அகற்றிய செலவுக்காக 30 இலட்சம் கனேடிய டொலர் பின்னர் செலுத்தப்பட்டது. ஆனால் இந்த உடன்படிக்கையின் கீழ் கோரிக்கையை வைக்க வேண்டியது பாதிக்கப்பட்டவர் அல்ல, அரசு. அதுவும் ஓராண்டுக்குள். வலை இழந்த மீனவருக்காக அரசு பேசினால் மட்டுமே அந்த வழி திறக்கும்.

அறியாத உலோகப் பொருளைத் தொடக்கூடாது, தூர நின்று அறிவிக்க வேண்டும் என்பது எங்களுக்குப் புதிய பாடமல்ல. விண்ணிலிருந்து விழுந்தவற்றில் நச்சு எரிபொருள் எஞ்சியிருக்கலாம். தொடாமல் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, பொலிஸாருக்கு அறிவியுங்கள். நாளை இழப்பீடு கேட்பதற்கும் அந்தக் குறிப்புத்தான் சாட்சி.