மிதிக்கிற இடம் உறுதிதானா?

பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கும்போது வர்ணத்தைப் பார்க்கிறோம்; மணியை அடித்துப் பார்க்கிறோம். மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கை யார் பார்க்கிறார்கள்?

கடையிலேயே அதைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால், நடு அச்சில் தளர்ச்சி, இறுக்கினால் தீர்ந்தது. ஒன்று மட்டும் ஆடினால் விடாதீர்கள்! காட்டர் பின் போட்ட இரும்புக் கிராங்கானால் பின்னை மாற்றச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை. அலுமினியமானால் போல்ட்டை அங்கேயே இறுக்கச் சொல்லுங்கள். "ஓட ஓடச் சரியாகிவிடும், அம்மா" என்பார் கடைக்காரர். ஆகாது. அச்சு நுழையும் சதுரத் துளை தேய்ந்துவிட்டால், பிறகு எத்தனை இறுக்கினாலும் நிற்காது. பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற சமயத்தில்தான் கால் நழுவும். பின்னால் பஸ் வரும்.

மழைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் தேங்குமா? பால்ஸை உள்ளே வைத்து மூடிய நடு அச்சாகக் கேட்டு வாங்குங்கள். சேறு எளிதில் புகாது. தேய்ந்தால் மட்டும் முழுசாக மாற்ற வேண்டும்.