மகிழுந்தில் கேட்கும் ரீங்காரம்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காற்பாலத்தில் வாகனங்கள் நெடுநேரம் வரிசையில் நிற்பது வழக்கம். அவ்வேளையில் நல்ல இசையாவது துணைக்கு இருக்கட்டும் என்று மகிழுந்தின் ஒலி அமைப்பை மேம்படுத்துவோர் பலர். புதிய ஒலிபெருக்கிகளும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்திய பிறகு, பாட்டோடு ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமும் சேர்ந்து கேட்கலாம். உடனே ஒலிபெருக்கியை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவுதான். ஒலிபெருக்கி தனக்கு வந்து சேர்ந்ததையே ஒலிக்கிறது.

முதற்சோதனைக்குக் கருவி தேவையில்லை, காது போதும். இயந்திரத்தை முடுக்காமல் வானொலியை இயக்கும்போது ரீங்காரம் இல்லை, முடுக்கியதும் கேட்கிறது, இயந்திரத்தின் வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறுகிறது. அப்படியானால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்புகிறது. மின்கலத்துக்கு மின்னேற்றும் இக்கருவி மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதிலுள்ள டையோடுகள் அதனை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றினாலும் சிறிய அலைவு எஞ்சியிருக்கும். அந்த அலைவே ரீங்காரமாகிறது.

அது பாட்டுக்குள் நுழைவது எப்படி? மகிழுந்தின் இரும்பு உடல் மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையும் அதுவே. முன்புறமுள்ள வானொலி ஓரிடத்திலும், பின்புறப் பொருள்பெட்டியிலுள்ள ஆம்ப்ளிஃபையர் வேறோரிடத்திலும் அவ்வுடலோடு இணைக்கப்படுகின்றன. இவ்விரு இடங்களின் மின்னழுத்தம் சற்றே வேறுபட்டாலும், கருவிகளை இணைக்கும் ஒலிக்கம்பியின் உலோக உறை வழியே வேண்டாத மின்னோட்டம் பாய்கிறது. ஆம்ப்ளிஃபையர் அதையும் இசையாகவே கொண்டு பெருக்கிவிடுகிறது. இதனைத் தரைச்சுற்று என்பர்.

குறை எங்குள்ளது என்று அறிய, அமைப்பை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் செருகியுள்ள ஒலிக்கம்பிகளைக் கழற்றி, மீண்டும் இயக்க வேண்டும். ரீங்காரம் நீங்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரின் மின்னிணைப்பைப் பார்க்க வேண்டும். நீங்கிவிட்டாலும் தரையிணைப்பை விட்டுவிடக்கூடாது; கம்பியைக் கழற்றியதும் தரைச்சுற்றும் அறுந்துபோகுமல்லவா?

பல வேளைகளில் குற்றவாளி ஒரு சிறு திருகாணிதான். சாயத்தின் மேலேயே அதை முறுக்கியிருப்பார்கள். அல்லது ஈரக்காற்றில் அது துருப்பிடித்திருக்கும். சாயத்தையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, தடித்த குட்டையான கம்பியால் இறுக இணைக்க வேண்டும். மின்கம்பியும் ஒலிக்கம்பியும் அருகருகே சென்றால் அவற்றை வண்டியின் இரு பக்கங்களுக்குப் பிரிப்பது நல்லது. இவ்வேலைகளைத் தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது திருகுசாவி வண்டியின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

ரீங்காரத்தை அடக்கும் சிறு தடுப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. மலிவானவை தாழ்ந்த சுருதிகளையும் சேர்த்தே மெலியச் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கலும் உண்டு. ஆல்டர்னேட்டரில் டையோடு ஒன்று பழுதானாலும் இதே ரீங்காரம் எழும். ஒலியை மட்டும் அடக்கினால் பழுது மறைந்திருந்து, ஒருநாள் மின்கலம் வலுவிழந்து வண்டி நடுவழியில் நின்றுவிடக்கூடும். இயந்திரம் ஓடும்போது மின்கலத்தில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். மிகக் குறைவாக இருந்தாலோ, முன்விளக்குகள் மங்கினாலோ, வண்டி போக வேண்டிய இடம் ஒலிக்கருவிக் கடையன்று, வாகனப் பட்டறை.