பாட்டு வாத்தியாருக்கு எந்தப் பட்டம்?

இசையில் முதுகலைப் பட்டமும் இசைக் கல்வியில் முதுகலைப் பட்டமும் ஒன்றே என்னும் எண்ணம் தமிழகத்தில் பரவலாக இருந்தாலும், அவை வெவ்வேறு நோக்கம் கொண்ட இரு படிப்புகளாகும். முதலாவது, மாணவரைத் தேர்ந்த பாடகராகவோ வாத்தியக் கலைஞராகவோ இசை ஆய்வாளராகவோ உருவாக்க முயல்கிறது. இரண்டாவது, இசையை எந்த வயதில் தொடங்கி, எந்த வரிசையில், எந்த முறையில் கற்பிப்பது, கற்றதை எவ்வாறு மதிப்பிடுவது என்பதையே தன் ஆய்வுப் பொருளாகக் கொள்கிறது. மேலைநாடுகளில் தனித்துறையாக வளர்ந்துவிட்ட இந்த இரண்டாவது படிப்பு, தமிழகத்தில் பெரும்பாலும் முதலாவதற்குள் ஒரு பாடப்பகுதியாகவோ ஆய்வேட்டுத் தலைப்பாகவோ மட்டுமே இடம்பெறுகிறது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரையிலிருந்து இசை படிக்கப் புறப்படும் ஒருவர் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், பட்டம் பெற்றபின் அவர் சொந்த ஊரிலேயே வாழ விரும்பினால், அவரது வாழ்க்கைத் தொழில் கச்சேரி மேடையைவிடப் பள்ளி வகுப்பறையோடுதான் பெரிதும் பிணைந்திருக்கும்.

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மரக்காணத்திற்கும் இசைவாணர்களுக்கும் உள்ள தொடர்பு சங்க காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்திய பாணர்களை ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் வழிகாட்டி அனுப்பும் பாடலாகும். அதில் வரும் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நிலத்துத் துறைமுகம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்பாடலை இயற்றிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இன்றும் மரக்காணத்திற்கு வடக்கே அதே பெயரோடு விளங்குகிறது. உப்பு வணிகரான உமணரும் அப்பாடலில் இடம்பெறுகின்றனர். பாணர் குடியில் பிறந்த பிள்ளை, கூடவே நடந்து, கேட்டு, பாடிப் பழகித்தான் இசையைக் கற்றிருக்க வேண்டும்.

கற்பித்தலைத் தனித் தகுதியாகக் கருதும் பார்வையும் தமிழில் பழமையானதே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியதைச் சொல்வதோடு நின்றுவிடாமல், ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருக்கும் வேண்டிய புலமை எதுவென்று தனித்தனியே வரையறுக்கிறது. ஆயினும் அந்த ஏற்பாடு, ஒரே மாணவிக்குப் பல ஆசிரியர்கள் என்னும் அமைப்பு. இன்றைய பள்ளியிலோ ஓர் ஆசிரியருக்கு எதிரே முப்பது, நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் வேரூன்றிய குருகுல முறையில், மாணவர் குருவின் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கிப் பணிவிடை செய்து கற்றார். அம்முறை ஆழமான பயிற்சியைத் தந்தது எனினும், குருவின் வாசலை அடையும் உரிமை பெரும்பாலும் பிறப்பையும் உறவையும் பொறுத்தே அமைந்தது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியதும், அது 1931இல் இசையாசிரியர்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கியதும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டயப் படிப்பு ஏற்பட்டதும், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இசையை வளர்த்ததும், 1949இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி உருவானதும் அந்த வாசலை அகலத் திறந்தன. உப்பு வாரும் குடும்பத்துப் பிள்ளையும் விண்ணப்பம் எழுதிச் சேரலாம் என்னும் நிலை, நிறுவனங்கள் வந்ததால்தான் உண்டாயிற்று.

இன்று மரக்காணப் பகுதியிலிருந்து அத்தகைய மாணவர் செல்லக்கூடிய வழி ஓரளவு தெளிவானது. கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளுள் ஒன்று விழுப்புரத்தில் உள்ளது. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை அங்கே மூன்றாண்டுகள் கற்பிக்கப்படுகின்றன. இளநிலைப் பட்டத்திற்குத் தெற்கே அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடமும், வடக்கே சென்னையிலுள்ள கல்லூரிகளும் உள்ளன. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை, ராணி மேரி கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றை நாடலாம்.

இரண்டாண்டுகள், நான்கு பருவங்கள் கொண்ட இந்த முதுகலையில் கிருதிகளும் மனோதர்மமும் முதன்மை பெறுகின்றன. மனோதர்மம் என்பது இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் போன்று கலைஞர் அந்தந்த நேரத்தில் தாமே கற்பனை செய்து பாடும் பகுதியாகும். இவற்றோடு இராக இலக்கணம், தாள அமைப்பு, இசை வரலாறு, ஆய்வு நெறி ஆகியன சேர்கின்றன. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வை இசைப் பாடத்தில் எழுதிக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு இதில் சலுகை உண்டு.

பள்ளிக்கான பாதையோ முற்றிலும் வேறானது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தேறி, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் பெற்றவர்களே வழக்கமாகச் சிறப்பாசிரியர் பணிக்கு வருகின்றனர். 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்தில் மூன்று அரை நாள்கள் பணியாற்ற நியமிக்கப்பட்டனர். பள்ளியில் இசைக்கு இருக்கும் மதிப்பை இந்த ஏற்பாடே காட்டிவிடுகிறது. இதனால், இசையை ஆழ்ந்து கற்ற முதுகலைப் பட்டதாரிக்குப் பள்ளியில் உரிய இடமில்லை. பள்ளியில் இருப்பவருக்கு மேற்கொண்டு கற்க உரிய பட்டமும் இல்லை.

அத்தகைய பட்டம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை வகுப்பறையின் சிக்கல்களே சொல்லிவிடுகின்றன. முதலாவது சுருதி. தனி மாணவருக்கு அவர் குரலுக்கேற்ற கட்டையில், அதாவது ஆதார சுருதியின் உயர அளவில், தம்பூராவைக் கூட்டினால் போதும். ஆனால் எட்டாம் வகுப்பில் சிறுமியர் உயர்ந்த கட்டையில் எளிதாகப் பாட, மகரக்கட்டு உடையத் தொடங்கிய சிறுவர்கள் கீழே தடுமாற, இருவருக்கும் பொதுவான சுருதியைத் தேர்வது ஆசிரியருக்குப் பெரும் சோதனையாகிறது. குரல் உடையும் பருவத்தில் சிறுவனைப் பாடவைப்பதா, தாளம் போடவைப்பதா, சில மாதங்கள் கேட்பவனாக மட்டும் இருக்கவிடுவதா என்பதைப் பாடகரின் அனுபவம் மட்டும் தீர்த்துவிடாது.

இரண்டாவது பாட வரிசை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக உயரும் கர்நாடக இசைப் பாடத்திட்டத்தைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறுகிறது. முதல் பாடங்கள் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்ததற்கு, ச–ரி, க–ம, ப–த, நி–ச என்னும் நான்கு இணைகளிலும் இடைவெளி ஒரே அளவாக இருப்பதைக் காரணமாகச் சொல்வதுண்டு. அந்த ஒழுங்கு உண்மையானதே. எனினும் திரைப்பாட்டையும் தெருக்கூத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளையின் காதுக்கு எந்த இராகம் எளிதாகப் பிடிபடும் என்பது சோதித்துப் பார்த்து விடைகாண வேண்டிய கேள்வியாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையை வளர்த்த பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி, இசை கற்பிக்கும் முறையைப் பற்றியே தனி நூல் எழுதி, இத்தகைய சிந்தனைக்கு வழியமைத்தவர்.

ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882–1967), குழந்தைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது அதன் சொந்த மண்ணின் நாட்டுப்பாடலே என்னும் கொள்கையில் ஒரு கல்வி முறையை உருவாக்கினார். சுரங்களுக்குக் கைச் சைகைகளைப் பயன்படுத்தும் அம்முறையில், தொடக்கச் சுரத்தை எந்த உயரத்திலும் வைத்துக்கொள்ளலாம். நம் சட்ஜமும் அவ்வாறே எந்தக் கட்டையிலும் அமையக்கூடியது என்பதால், அவ்வழிமுறை தமிழ் மாணவருக்கு அந்நியமாக இராது. கோடாயின் பெயரால் ஹங்கேரியின் கெச்கெமேட் நகரில் 1975இல் தொடங்கப்பட்ட நிறுவனம் பல நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. இன்னும் அருகில், இலங்கையில் கர்நாடக சங்கீதம் அரசுப் பள்ளிகளில் பொதுத்தேர்வுப் பாடமாகவே உள்ளது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வுகளை நடத்தி, அவற்றின் உச்சியில் ஆசிரியர் தரத்தை வைத்திருக்கிறது. கற்பவரின் ஏணியும் கற்பிப்பவரின் ஏணியும் ஒன்றாக இணைந்த தமிழ்ச் சூழல் சாத்தியம் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று.

தனிப் பட்டம் உருவாகும் வரையில், இருக்கும் முதுகலையின் ஆய்வேட்டை அந்த நோக்கத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு மாணவரின் கையில் உள்ளது. தமிழகக் கடற்கரை மீனவர்கள் வலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு, கூட்டாகப் பாடக் கற்பிக்க ஆயத்தமாக உள்ள ஒரு வடிவம். முகவீணையும் பின்பாட்டும் கொண்ட தெருக்கூத்து, இராகத்தையும் தாளத்தையும் பிள்ளைகளின் நினைவில் முன்னரே பதித்துவைத்திருக்கும் மரபு. இவற்றிலிருந்து முதல் ஆண்டுப் பாடங்களை அமைத்து, இரண்டு வகுப்புகளில் நடத்திப் பார்த்து, சரளி வரிசையில் தொடங்கிய வகுப்போடு ஒப்பிட்டு எழுதப்படும் ஆய்வேடு, இராக இலக்கணத்தைப் பற்றிய மற்றுமொரு தொகுப்பைவிடப் பள்ளிகளுக்குப் பெரிதும் பயன்படும். இருபதாம் நூற்றாண்டின் நிறுவனங்கள் யார் வேண்டுமானாலும் இசை கற்கலாம் என்னும் உரிமையைத் தந்தன. அப்படி வந்து அமர்ந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எவ்வாறு கற்பிப்பது என்னும் அறிவைப் பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு துறையாக வளர்த்தெடுக்கவில்லை. அதைச் செய்யாதவரை, பாட்டு வாத்தியார் தம் பட்டத்தில் கற்காத வேலையைத்தான் வகுப்பில் நாள்தோறும் செய்ய வேண்டியிருக்கும்.