மேஷம் எங்கே?

மார்ச் 21-ஆந் தேதியை ஒட்டித் தண்டையார்பேட்டைக் கடலோரத்தில் விடியற்காலையில் நிற்பவர், சூரியன் நேர் கிழக்கே நீரினின்று எழக் காண்பார். பகலும் இரவும் சமமாகும் நாள் அது. மேல்நாட்டுப் பத்திரிகைகளின் ராசிபலன், அன்றே மேஷம் பிறந்தது என்கிறது. நம் பஞ்சாங்கமோ, இன்னும் 24 நாள் பொறுக்கச் சொல்லுகிறது. எது மெய்?

ராசி என்னும் ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பதுதான் இக்குழப்பத்துக்கு மூலம். கண்ணாற் காணும் விண்மீன் கூட்டமும் ராசி. சூரிய வீதியில் முப்பது பாகை கொண்ட அளவும் ராசி. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலை சுழல்வதால், சமநாட் புள்ளி ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு பாகையாக மேற்கே நகர்கிறது. மேல்நாட்டார் அப்புள்ளியைப் பற்றிக்கொண்டு விண்மீன்களை விட்டனர். நாம் விண்மீன்களைப் பற்றிப் பருவத்தை விட்டோம். தை முதல் நாளை உத்தராயணப் பிறப்பு என்கிறோம். சூரியனோ டிசம்பர் 22 வாக்கிலேயே வடக்கே திரும்பிவிடுகிறான்.

மலையாளிகள் மாதங்களை மேடம், இடவம் என ராசியின் பெயராலேயே அழைக்கின்றனர். தமிழன் வழி வேறு. பௌர்ணமிச் சந்திரன் சித்திரை மீனருகே நிற்கும் மாதம் சித்திரை. அப்போது சூரியன் எதிர்ப்புறத்தில், மேஷத்தில், இருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத பகல் மீனை விட்டு, தெரியும் இரவு மீனால் பெயரிட்டது நல்ல யுக்தி என்பதே நம் அபிப்பிராயம். மேஷத்தை ஆடு என்று நெடுநல்வாடையே குறிப்பதால், ராசிக் கணக்கும் நமக்குப் புதிதன்று.

நுங்கம்பாக்கம் வானிலையத்தில் உழைத்து, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், கண்கண்ட வானத்தோடு பஞ்சாங்கம் பொருந்த வேண்டுமென்று வாதாடினார். 1952-இல் மேகநாத ஸாஹா தலைமையில் அமைந்த கமிட்டி சொன்னபடி, 1957 மார்ச் 22 முதல் தேசியப் பஞ்சாங்கம் சமநாளை ஒட்டியே ஆண்டைத் தொடங்குகிறது. அது சர்க்கார் கெஜட்டில் அச்சாகிறது. வீட்டுச் சுவரில் ஏறவில்லை.

ஐயமுள்ளவர் ஏப்ரல் 25 வாக்கில், உச்சிப் பொழுதில், தண்டையார்பேட்டையில் ஒரு கழியைச் செங்குத்தாக நடட்டும். நிழல் அடிக்குள்ளேயே மறைந்துவிடும். இப்போது அது சித்திரை 12-ஐ ஒட்டி நிகழ்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன், சமநாளும் மேஷப் பிறப்பும் ஒன்றாயிருந்த காலத்தில், அதே நிழல் மறைந்தது வைகாசி முதல் வாரத்தில்.