ஏழு நிமிடங்கள்

எடின்பரோ நகரின் ‘ஹார்ட் ஒவ் மிட்லோதியன்’ உதைபந்தாட்டக் கழகம் பழைய சிறைச்சாலையொன்றின் பெயரைத் தாங்கியது. அப்பெயரை உலகறியச் செய்தது சேர் வால்ற்றர் ஸ்கொற் 1818 இல் வெளியிட்ட நாவல். பெயரில் இலக்கியம் இருப்பினும், இரசிகர்களின் நெஞ்சில் நிற்பது 1985-86 ஆம் ஆண்டுப் பருவமே.

செப்ரெம்பர் இறுதியிற் கிளைட்பாங்கிடம் தோற்ற அக்கழகம், பின்னர் 27 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. 1960 க்குப் பின் கிட்டாத பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. 1986 மே 3 ஆந் தேதி, இறுதி ஆட்டத்தைக் காண இரசிகர்கள் டண்டி நகருக்குத் திரண்டனர். சமநிலை ஒன்றே போதும். ஆனால் வானொலியோ வேறு கதை கூறிற்று: பெய்ஸ்லியில் செல்ரிக், சென்ற் மிரனுக்கு எதிராக இடைவேளைக்குள்ளேயே நான்கு கோல்கள் அடித்துவிட்டது!

ஆட்டம் முடிய ஏறத்தாழ ஏழு நிமிடங்கள். மாற்றாட்டக்காரராக வந்த அல்பேட் கிட் டண்டிக்காக ஒரு கோல் அடித்தார்; சற்றைக்கெல்லாம் மற்றொன்று. இரு கழகங்களுக்கும் 50 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் மூன்று குறைய, பட்டம் செல்ரிக்குக்குப் போயிற்று. அடுத்த வாரம் கிண்ண இறுதியாட்டத்திலும் அபடீனிடம் 3-0 எனத் தோல்வி. கொடுமைதான்!

இத்தகைய கழகத்தை யார் கைவிடார்? 2013 இல் கடனில் மூழ்கி நிருவாகியின் பொறுப்பிற் சென்றபோது, ஆயிரக்கணக்கான இரசிகர்கள் மாதந்தோறும் பணம் செலுத்தி அதைக் காத்தனர். 2021 இல் கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகள் அவர்களுக்கே உரியவாயின.