குரலுக்கு அஞ்சிய கத்தி

சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்கப் போனார். தருமபுரத்து யாழ்மூரிநாதர் கோயிலின் கதை இது. தைராய்டு அறுவையைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதை நினைவுக்கு வரக் காரணமும் குரல்தான்.

தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், மூச்சுக்குழலை ஒட்டி, சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நரம்பு மேலேறுகிறது. அது அறுந்தால் குரல் கம்மும். இரு பக்கமும் அறுந்தால் மூச்சே திணறும். அந்தப் பயத்தில் முன்பு பலர் நரம்பின் பக்கமே போகாமல், பின்புறச் சதையைக் கொஞ்சம் விட்டுவைத்தே கழலையை அறுத்தார்கள். மிச்சம் வைத்தது சில ஆண்டுகளில் மறுபடி வீங்குவதும் உண்டு. நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துவிட்டே அறுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபிராங்க் லாஹே 1938இல் எழுதினார். இன்று அதுவே வழக்கம். கூடவே, நரம்பைச் சிறு மின்தூண்டலால் சோதித்து ஒலியால் அறிவிக்கும் கருவியும் வந்துவிட்டது. முன்பு ஒவ்வொரு ரத்தக்குழாயையும் நூலால் கட்டினார்கள்; இப்போது மீயொலிக் கத்தி குழாயை மூடியபடியே வெட்டுகிறது.

அடுத்த கவலை தழும்பு. தென்கொரியாவில் அக்குள் வழியாக ரோபோ நுழைந்தது. தாய்லாந்தின் அங்கூன் அனுவாங் கீழுதட்டின் உட்புறமாகச் சென்று அறுக்கும் முறையைப் பரவலாக்கினார். கழுத்தில் கோடே தெரியாது. எல்லோருக்கும் இது பொருந்தாது. பெரிய கழலைக்கு இன்றும் கழுத்து வழிதான்.

இவற்றைவிடப் பெரிய மாற்றம், கத்தியைக் கீழே வைத்ததுதான். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்து குறைந்த தைராய்டு புற்றுக்கட்டிகளை அறுக்காமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க 1993இல் தொடங்கியது. பெரும்பாலானவை வளரவே இல்லை.